பெட்ரோல் மெஷின் வந்த பிறகு

பெங்களூர் போகும் வழியில் இருக்கும் ஜூஜுவாடியில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை இருந்தது. நானும் என் கணவரும் அங்கேதான் தொழில் செய்தோம். தொழிற்சாலைகளுக்கு வெளிநாட்டிலிருந்து இயந்திரங்கள் வரும். அவற்றைச் சுற்றியிருக்கும் மரப்பெட்டிகளைப் பிரித்த பிறகு கட்டைகளை வாங்கி வருவோம். ஆணி பிடுங்கி, அளவுக்கு அறுத்து, வேறு கம்பெனிகளுக்குப் பேக்கிங் பெட்டி அடித்துக் கொடுப்போம். ஆணி பிடுங்குவது என் வேலை. அறுப்பது அவர் வேலை.

ஆரம்பத்தில் கைரம்பம்தான். பிறகு ஒரு கம்பெனிக்கு இயந்திரம் பொருத்த வந்திருந்த வெளிநாட்டு இன்ஜினியர் ஊர் திரும்பும்போது, தன் பேட்டரி ரம்பத்தை விட்டுவிட்டுப் போனார். ஸ்டோரில் இருந்தவர்கள் அதையும் கட்டைகளோடு சேர்த்து எங்களிடம் விற்றுவிட்டார்கள். கையில் எடுத்துப் பார்த்தபோது பொம்மை மாதிரி இருந்தது. பட்டனை அழுத்தினால் தையல் மெஷின் அளவுக்குத்தான் சத்தம். ஆனால் பைன் மரக்கட்டையை நன்றாகவே அறுத்தது.

கொட்டகைச் சுவரை ஒட்டி ஓர் அறை. அதில் எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை செய்யும் இரண்டு பெண்கள் வாடகைக்கு இருந்தார்கள். ஒருத்திக்குப் பகல் ஷிப்ட். தேனிப் பக்கத்துக்காரிக்கு எப்போதும் நைட் ஷிப்ட்தான். வந்த புதிதில் ஒருநாள் காலை அவள் கண் சிவந்துபோய்க் கொட்டகை வாசலில் வந்து நின்றாள்.

“அக்கா, கோவிச்சுக்கிராதீக. சுத்தியல் சத்தத்துல தூக்கமே வரமாட்டேங்குது.”

அன்றிலிருந்து ஆணி அடிக்கும் வேலையை மதியத்துக்கு மேல் வைத்துக்கொண்டோம். காலையில் அறுப்பு மட்டும். பேட்டரி ரம்பத்தின் சத்தம் சுவரைத் தாண்டிப் போகவில்லை. மூன்று மணிவாக்கில் எழுந்து முகம் கழுவிக்கொண்டு நேராக என்னிடம் வருவாள். கட்டை அடுக்கின் மேல் உட்கார்ந்து டீ குடிப்பாள். தளியிலிருந்து பூ கொண்டுவரும் அம்மாளிடம் அவள் பேசும் கன்னடத்தைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு தாங்காது. விலை குறைக்கச் சொல்வதற்குப் பதிலாக ஏற்றச் சொல்லிவிடுவாள். சேலத்திலிருந்து வந்த எனக்கு அந்தத் தெருவில் மனம்விட்டுப் பேச அவளைத் தவிர வேறு யாரும் இல்லை.

பிறகு மின்வெட்டு ஆரம்பித்தது. பகலிலும் போனது, ராத்திரியிலும் போனது. பேட்டரி பாதி ஏறுவதற்குள் கரண்ட் போய்விடும். நாலு கட்டை அறுத்தால் ரம்பம் மரத்திலேயே சிக்கி நிற்கும். மாற்று பேட்டரி தேடி என் கணவர் பெங்களூர் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். கிடைக்கவில்லை. பெட்டி ஏற்ற வந்த வண்டி இரண்டு தடவை வெறுமனே திரும்பியது.

மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருந்த பாய் எங்களுக்கு வேண்டியவர். அவர் பேட்டரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இத நம்பி தினப்படி வேலை பண்ண முடியாதும்மா. பெட்ரோல்ல அறுக்கற மெஷின் எடுத்துக்குங்க. எண்ணெய் ஊத்துனா ஓடும். கெட்டுப்போனாலும் நானே பாத்துத் தரேன்.”

வீட்டுக்கு வந்ததும் நான், “சுவத்துக்கு அந்தப் பக்கம் அந்தப் பொண்ணு தூங்குதேங்க” என்றேன்.

“எனக்கும் தெரியுது. மதியம் அறுத்தா எப்ப ஆணி அடிக்கறது? சாயங்காலம் வண்டி வந்து நிக்குமே.”

அவர் சொன்னதில் தப்பில்லை. என்னிடமும் வேறு வழி இல்லை. பெட்ரோல் மெஷின் வந்தது.

முதல் நாள் கயிற்றை இழுத்ததும் தகரக் கூரையே அதிர்ந்தது. புகை கொட்டகையை நிறைத்தது. அவர் சொல்வது எனக்கும் கேட்கவில்லை, நான் சொல்வது அவருக்கும் கேட்கவில்லை. ஆனால் ஒரு வாரமாகத் தேங்கிக் கிடந்த வேலை இரண்டே நாளில் முடிந்தது.

அவள் சண்டைக்கு வருவாள் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. காதில் பஞ்சு வைத்துக்கொண்டு, தலைவரைக்கும் போர்வையை இழுத்துப் போர்த்திப் படுத்துப் பார்த்தாள். டீ குடிக்க வரும்போது பேச்சு குறைந்திருந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே கண் சொருகும்.

“ஷிப்ட்ட மாத்திக் கேக்கக்கூடாதா?” என்றேன்.

“கேட்டேன்க்கா. நைட்டுக்கு ஆள் இல்லேங்குறாக.”

“எங்களால உனக்குத்தான் கஷ்டம்.”

“அட, நீங்க என்னக்கா செய்வீக. உங்களுக்கும் பொழப்பு இருக்குல்ல.”

அந்த மாதக் கடைசியில் அந்தப் பெண்கள் இருவரும் அறையைக் காலி செய்தார்கள். பாகலூர் ரோட்டில் ஒரு வீடு கிடைத்திருப்பதாகவும், கம்பெனி பஸ் வாசலிலேயே வந்து நிற்கும் என்றும் சொன்னாள். அடிக்கடி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். ஒரே ஒரு தடவை வந்தாள்.

அடுத்த கோடையில் ஃபேனுக்காக ஒரு இன்வெர்ட்டர் வாங்கினோம். அதை மாட்டிய அன்றுதான், கரண்ட் போனாலும் இதில் ரம்பத்தின் பேட்டரியை ஏற்றலாமே என்ற யோசனை என் கணவருக்கு வந்தது. அலமாரி மேலிருந்த பேட்டரியை எடுத்துத் துடைத்துச் சார்ஜில் போட்டார். சார்ஜரில் விளக்கு எரியவில்லை. பாயிடம் கொண்டுபோனோம்.

“சார்ஜ் ஏத்தாம இத்தனை நாள் சும்மா வெச்சிட்டீங்க. செத்துப்போச்சு” என்றார்.

திரும்பி வரும் வழியில் என் கணவர், “இன்வெர்ட்டர் யோசனை அப்பவே வந்திருக்கலாம்” என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முறுக்கு சுட்டு எடுத்துக்கொண்டு பாகலூர் பஸ் ஏறினேன். விசாரித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். பகல் ஷிப்ட்காரி மட்டும் இருந்தாள்.

“அவ ஊருக்குப் போயிட்டாக்கா. ஜூஜுவாடியில இருந்தப்பவே கம்பெனி லைன்ல தூங்கிட்டான்னு சூப்பர்வைசர் திட்டிக்கிட்டே இருந்தாரு. இங்க வந்து தூக்கம் சரியாச்சு, ஆனா அதுக்குள்ள அவ பேரு கெட்டுப்போச்சு. வெறுத்துப்போய் அவளே வேலைய விட்டுட்டா.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே.”

“உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சொல்லிட்டாக்கா. நீங்க வருத்தப்படுவீங்களாம்.”

தேனிக்காரியின் எண்ணை வாங்கிக் கூப்பிட்டுப் பார்த்தேன். வேறு யாரோ எடுத்தார்கள். முறுக்கை அங்கேயே கொடுத்துவிட்டு வந்தேன்.

இரவு சாப்பிடும்போது அவர், “பாத்தியா?” என்றார். ஊருக்குப் போய்விட்டதைச் சொன்னேன், ஏன் என்பதையும் சொன்னேன். “நல்ல பொண்ணு” என்றார்.

மறுநாள் காலையில் அறுக்க வேண்டிய கட்டை நிறைய இருந்தது. அன்று அவர் பத்து மணிவரை மெஷினைத் தொடவில்லை. அந்த அறையில் அப்போது குடியிருந்த குடும்பம் விடியற்காலையிலேயே எழுந்துவிடும் என்பது இருவருக்கும் தெரியும். நான் ஒரு கட்டையை எடுத்து வைத்து ஆணி பிடுங்க ஆரம்பித்தேன்.