ஆவணிக் கிழமை வீடு

தீவுக்குள், இறுப்பிட்டி அன்னபூரணத்துக்கு ஒரு சாமானை விற்பதென்றால் விற்கிறவனுக்குப் பொறுமை வேண்டும். கத்தரிக்காயை நாலு தரம் உருட்டிப் பார்ப்பாள். மீன்காரன் சைக்கிளை நிறுத்தினால் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் விலையே கேட்கமாட்டாள். அப்படிப்பட்டவள் போய், கண்ணால் காணாத வீட்டை, முகம் தெரியாத மனிசனிடம், கொம்பியூட்டர் ஏலத்தில் எடுத்தாள் என்றால் நம்புவீர்களா? எடுத்தாள். ஒரு பிசகும் இல்லாமல் எடுத்தாள். அதுதான் வயிற்றெரிச்சல்.

அவளுக்குப் பிள்ளைகள் மூன்று. மூத்தவன் துஷ்யந்தன் கனடாவில், நடுவிலான் நிர்மலன் சுவிஸில், கடைசி தனுசியா லண்டனில். மாத்தளையில் கடை வைத்திருந்த புருசன் கண்ணை மூடிய கையோடு ஒவ்வொன்றாக வெளிக்கிட்டதுகள். தொண்ணூற்றாறில் தனுசியாவும் போனபிறகு வீட்டில் அவளும் பூட்டிய அறைகளும்தான். சமாதான காலத்தில் மூத்தவன் ஒருக்கால் வந்தான், மகள் ஒருக்கால் வந்தாள். நிர்மலனுக்கு அகதிக் காட். இலங்கை மண்ணில் கால் வைக்கவே ஏலாது. மூன்றையும் ஒரே நேரத்தில் ஒரே பாயில் இருத்தி, தன் கையால் சோறு போட்டுப் பார்க்கவேண்டும். அன்னபூரணத்துக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான். நயினை அம்மனிடம் கேட்டதும் அதைத்தான்.

இரண்டாயிரத்து ஐந்தில் துஷ்யந்தன் ஒரு யோசனை கொண்டுவந்தான். ஊரில் தொலைபேசி என்றால் சந்தியில் மீனலோசனியின் கொமினிகேசன் கடைதான். அன்னபூரணம் அங்கே போய்க் கதிரையில் இருந்து, ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அம்மா, இந்தியாவிலை சந்திப்பம். நிர்மலனும் அங்கை வரலாம். கொடைக்கானலிலை ஒரு ஹொட்டல் வீடு. வருசத்திலை ஒரு கிழமை, ஏழு நாள், எங்களுக்கு. மற்றக் கிழமையள் வேறை ஆக்களுக்கு. ஒருக்கால் வாங்கினால் வருசாவருசம் அந்தக் கிழமை எங்கடைதான்."

"பங்குக் கிணத்திலை இறைப்பு முறை மாதிரியோ?"

"ஓமம்மா, அதேதான். முதல் வாங்கினவை இப்ப விக்கினம். இன்ரநெற்றிலை ஏலம் போகுது. பாதி விலைகூட இல்லை. ஆனி மாசக் கிழமை. இண்டைக்குப் பின்னேரம் ஏலம் முடியுது, கெதியாச் சொல்லுங்கோ."

அன்னபூரணம் மனக்கணக்கில் நாட்களை ஓட்டிப் பார்த்தாள். ஆனியில் நயினை அம்மனுக்குக் கொடி ஏறும். கொடி ஏறினால் தீர்த்தம் முடியுமட்டும் அவள் தீவை விட்டு அசைந்ததில்லை. புருசனின் செத்தவீட்டு வருசம் தவிர ஒரு வருசமும் தேர் தவறவிட்டதில்லை.

"உது சரிவராது."

"ஒரு வருசம் விட்டால் அம்மன் கோவிக்குமே, அம்மா?"

"ஒரு வருசமோ? வருசாவருசம் எண்டு நீதானே இப்ப சொன்னனி! அம்மன் கோவியா, நான் கோவிப்பன். அதோடை இண்டைக்கே முடியுது, கெதியா எண்டு அவசரப்படுத்திறவன் கள்ளன். செவுளைத் தூக்கிப் பாக்காமல் மீன் வாங்குவியோடா?"

துஷ்யந்தன் பல்லைக் கடித்தது கனடாவிலிருந்து கேட்டது. அந்தக் கிழமையை யாரோ எடுத்துக்கொண்டு போனார்கள். இரண்டு மாதம் அவன் சரியாக முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

பிறகு ஆவணிக் கிழமை ஒன்று ஏலத்துக்கு வந்தது. பள்ளிக்கூட விடுமுறையும் பொருந்தியது, கொடியும் குறுக்கே வரவில்லை. இந்த முறை அன்னபூரணம் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள்.

"முதல் விசயம். அவர் ஏன் விக்கிறார்? அதைக் கேள். விக்கிற காரணம் தெரியாமல் ஒரு சாமான் வாங்கக்கூடாது."

ஏலப் பக்கத்திலேயே கேள்வி எழுதிப் போட இடம் இருந்ததாம். துஷ்யந்தன் எழுதிப் போட்டான். அடுத்த முறை அவள் கடைக்குப் போனபோது மறுமொழியை வாசித்துக் காட்டினான். விற்கிறவர் சென்னையில் ஒரு வயசான மனிசன். மனைவி காலமாகிவிட்டாவாம். தனியப் போய் அந்த வீட்டு யன்னலடியில் இருக்க மனம் வரவில்லையாம்.

அன்னபூரணம் ரிசீவரைக் காதிலிருந்து எடுத்துச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். மீனலோசனி, "அக்கா, லைன் கட்டாயிட்டுதோ?" என்று எட்டிப் பார்த்தாள்.

"ஞாயமான காரணம். பாவம் மனிசன்" என்றாள் அதை மறுபடி காதில் வைத்து. உடனே குரலை உயர்த்தினாள். "அதுக்காண்டி விட்டிடாதை. உறுதிப் பத்திரத்திலை அவற்றை பேர் இருக்கோ எண்டு அந்த ஹொட்டல்காரரிட்டை நேரை கேள். அவர் தாற நம்பருக்கு அடியாதை, நீயாத் தேடி எடுத்து அடி. வருசாவருசம் கட்டிற பராமரிப்புக் காசு நிலுவை கிடக்கோ எண்டும் கேள். முந்தி அவரிட்டை வாங்கின ஆக்கள் என்ன எழுதியிருக்கினம் எண்டு பார். காசை அவற்றை கையிலை குடாதை. நடுவிலை ஒரு லோயரிட்டை கிடக்கட்டும். எங்கடை பேர் ஏறினாப்பிறகுதான் அவருக்குப் போகவேணும்."

"அம்மா, நீங்கள் இஞ்சை வந்து ரியல் எஸ்டேற் செய்யலாம்."

"பகிடி விடாதை. இன்னும் ஒண்டு. இவ்வளவுதான் எண்டு ஒரு விலையை இப்பவே வை. அதுக்கு மேலை ஒரு சதமும் கேக்காதை. கோயில் மாம்பழ ஏலத்திலை கொப்பர் ரோசத்திலை ஏத்தி ஏத்தி, ஆட்டு விலைக்கு ஒரு மாம்பழத்தோடை வந்தவர். அதுவும் புளி."

எல்லாம் அவள் சொன்னபடியே நடந்தது. மனிசனின் பேர் ஹொட்டல் பதிவில் இருந்தது. நிலுவை இல்லை. வைத்த விலைக்குள் ஏலம் விழுந்தது. லோயர் பேர் மாற்றிக் கொடுத்தார். உறுதியில் பிள்ளைகள் மூன்று பேரோடு தன் பேரையும் போடவைத்தாள், ஒருத்தரை விட்டு ஒருத்தர் விற்கக் கூடாதென்று. தனுசியா அனுப்பிய படத்தைச் சந்தியில் நின்று போற வாறவர்களுக்கெல்லாம் காட்டினாள். மூன்று அறை, நீட்டு மேசை, குசினிக்குள் பெரிய அடுப்பு.

அடுத்த வருசம் பயணத்துக்கு அடுக்குப் பண்ணினாள். சரக்குத்தூள் வறுத்து இடித்தாள், ஒடியல் மா கட்டினாள், நிர்மலனுக்கென்று கருவாடு காயவைத்தாள். பாஸ்போட், விசா எல்லாம் கையில். நாடு மட்டும் நாளுக்கு நாள் பழுதாகிக்கொண்டு வந்தது.

"அம்மா, ஆடியிலையே வெளிக்கிட்டுக் கொழும்பிலை வந்து நில்லுங்கோ" என்று துஷ்யந்தன் கெஞ்சினான்.

"ஒரு மாசம் லொட்ஜிலை கிடந்து மூட்டைப்பூச்சிக்குச் சாப்பாடு போடவோ? அந்தக் காசுக்குப் பேரப்பிள்ளையளுக்கு ஏதும் வாங்கலாம். திங்கக்கிழமை கொழும்பு வானுக்குச் சொல்லிப்போட்டன்."

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்திய வெள்ளிக்கிழமை, கொழும்புக்குப் போகிற ஒரே பாதையில், முகமாலையில் சண்டை தொடங்கியது. பாதை பூட்டியது. ஊரடங்கு விழுந்தது. சந்திக்குப் போகவே வழியில்லாத இடத்தில் சென்னைக்குப் போவதெங்கே! மீனலோசனியின் கடையில் தொலைபேசி செத்துக் கிடந்தது. வான்காரன் முற்பணத்தை மதிலுக்கு மேலால் நீட்டிவிட்டு ஓடினான்.

அன்னபூரணம் கட்டிய பொதியை வாசலுக்கு நேரே வைத்துக்கொண்டு இருந்தாள். தெற்கே ஆட்களை ஏற்றிப்போகும் கப்பலுக்குப் பதியலாம் என்றார்கள், போய் வெயிலில் நின்றாள். இன்றில்லை என்றார்கள். பிறகும் போய் நின்றாள். அங்கே நோய் வருத்தக்காரரும் கைக்குழந்தைக்காரரும் நிறைந்துபோய் நின்றார்கள். அவர்களுக்கு முன்னால், 'நான் மலையிலே ஒரு கிழமை இருக்கப் போகவேணும்' என்று எந்த வாயால் சொல்வது? சொல்லாமலே திரும்பி வந்தாள். வந்து பொதியை ஓங்கி ஒரு உதை உதைத்தாள். கால்தான் நொந்தது.

"எல்லாத்தையும் விசாரிச்சனே பாவி! உறுதியை விசாரிச்சன், நிலுவையை விசாரிச்சன், விக்கிறவன்ரை மனிசி செத்ததைக்கூட விசாரிச்சன்!" என்று வெறும் வீட்டுக்குள் நின்று கத்தினாள்.

கடைகளில் சாமான் இல்லாமல் போனது. பிள்ளைகளுக்கு இடித்த சரக்குத்தூளைப் பிரித்துத் தானே குழம்பு வைத்தாள். கருவாடு பொரித்தாள். வாயில் வைக்க மனமில்லாமல் வைத்தாள், பசி பொல்லாதது.

தொலைபேசிக்கு உயிர் வந்தபோது அந்தக் கிழமை முடிந்து, பிள்ளைகள் திரும்பிப் போயிருந்தார்கள். முதலில் கிடைத்தவள் தனுசியா.

"கடைசி நிமிசம்வரை பாத்துக்கொண்டிருந்தனாங்கள், அம்மா. ரிக்கற் போட்டாச்சு, விட ஏலாமல் போட்டுது."

"வீடு எப்பிடி?"

"நீங்கள் கேட்ட மாதிரியே. ஒரு பிழையும் இல்லை."

"ஆர் சமைச்சது?"

"நிர்மலண்ணை. உப்புக் கூடிப்போச்சு. உங்களுக்கெண்டு ஒரு கதிரையை விட்டிட்டு இருந்தனாங்கள். பேந்து ஒருத்தரும் சாப்பிடேல்லை."

"விசர் பிள்ளையள்! பிழையில்லாத வீட்டுக்கை காசைக் குடுத்துப் போய்ப் பட்டினி கிடந்தனியளோ!" என்று அன்னபூரணம் சீறினாள். மீனலோசனி சில்லறை எண்ணுவதுபோல மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த ஆவணி வந்தது. பாதை பூட்டித்தான் கிடந்தது. அதற்கடுத்த ஆவணியும் அப்படியே. அவள் இல்லாமல் போகப் பிள்ளைகளுக்கு மனம் இல்லை. அங்கே ஆளில்லாத வீட்டுக்கு வருசாவருசம் பராமரிப்புக் காசு மட்டும் போய்க்கொண்டிருந்தது. இரண்டாயிரத்து எட்டில் துஷ்யந்தன் தயங்கித் தயங்கிக் கேட்டான், விற்பமோ என்று. வில் என்றாள். நாலு பேரும் சம்மதம் எழுதினார்கள். வாங்கிய அதே ஏலப் பக்கத்தில் ஆவணிக் கிழமை மறுபடி ஏறியது.

ஒரு நாள் அவன் எடுத்தான்.

"அம்மா, ஒரு ஆள் வாங்கக் கேக்கிறார். ஒரே ஒரு கேள்வி எழுதியிருக்கிறார். நீங்களே சொல்லுங்கோ, நான் என்னத்தை எழுதிறது?"

"என்னவாம்?"

"ஏன் விக்கிறியள் எண்டு கேக்கிறார்."

அன்னபூரணத்துக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினாள். கடையில் ஆட்கள் காத்துக்கொண்டு நின்றார்கள். மீனலோசனி ஒருத்தரையும் நெருங்க விடவில்லை.

"எழுது. வீட்டிலை ஒரு பிழையும் இல்லை. நிலுவை இல்லை. தாய்க்கு வர ஏலாமல் போச்சுது எண்டு எழுது."

"அவ்வளவும் போதுமே, அம்மா?"

"போதும். செவுளைத் தூக்கிப் பாக்கத் தெரிஞ்ச மனிசன்தானே, விளங்கும். நீ கெதியா எழுது, இஞ்சை நிமிசத்துக்குக் காசு ஓடுது."