நான் வாங்காத இரண்டு பற்றரிகள்

பூமணி டீச்சர் போய்விட்டார்... இன்று காலை அவர் மகள் அழைத்துச் சொன்னாள். "அம்மா உங்களப் பத்திக் கதைக்காத நாளில்ல சேர்" என்றாள்.



யுத்த காலம். மட்டக்களப்பு வாவிக்கு அந்தப் பக்கம், பழுகாமத்துக்கு அருகே சின்னப் பாடசாலை. நாலாம் வகுப்புக்கு எல்லாப் பாடமும் அவர்தான். நான் டவுனிலிருந்து போகிற ஆரம்பப் பிரிவு ஆலோசகர். பிள்ளைகள் கையால் செய்து பார்க்காத விஞ்ஞானம் விஞ்ஞானமே இல்லை என்று செமினார் செமினாராகப் பேசியவன்.

"சேர், மின்சுற்றுப் பாடம் வருது. அடுத்தமுறை வரக்குள்ள ரெண்டு டோர்ச் பற்றரியும் ஒரு பல்பும் கொண்டு வரேலுமா?"

அந்தப் பக்கம் இயக்கத்தின் கட்டுப்பாட்டில்; அங்கே பற்றரி கொண்டுபோக ஆமி தடை போட்டிருந்தது. கடிதம் கொடுத்து அனுமதி கேட்டிருக்கலாம்... கேட்கவில்லை. பயம். கடையில் வாங்கக்கூட இல்லை.

அடுத்த மாதம் வாசலிலேயே கேட்டார். "சென்றியில ஆமிக்காரனுகள் சோதிச்சுப் பறிச்சிட்டானுகள் டீச்சர்" என்றேன். பொய் அவ்வளவு லேசாக வந்தது.

"ஐயோ சேர், என்னால உங்களுக்குக் கரைச்சல்..." கண் கலங்கிவிட்டார்.

பிறகு பிள்ளைகளை வட்டமாகக் கைகோக்க வைத்தார். ஒருவன் பற்றரி, ஒருத்தி பல்பு, மற்றவர்கள் வயர். எங்காவது கை விட்டால் பல்பு கண்ணை மூட வேண்டும். ஒரே சிரிப்பு.

"மெய்யா எரியுமா டீச்சர்?" பல்பாக நின்ற பிள்ளை கேட்டது.

"எரியும் மகள். சேர் கொண்டுதான் வந்தவர், வழியில பறிச்சிட்டாங்க."

நான் தலையாட்டினேன்.

போகும்போது பாடசாலையின் லொக் புத்தகத்தில் என் மேற்பார்வைக் குறிப்பை எழுதினேன்: "செயன்முறை இன்றிப் பாடம் நடைபெறுகிறது."

டீச்சரின் மகள் அப்போது டவுனில் விடுதியில் தங்கிப் படித்தாள். அவளுக்குப் பக்கத்தில் இருக்க டீச்சர் இடமாற்றம் கேட்டிருந்தார். அந்த ஒரு வரியைக் காட்டிக் கல்வி அலுவலகத்தில் மறுத்துவிட்டார்கள்.

அவர் என்னைக் கோபிக்கவில்லை. "நீங்க எழுதினது சரிதானே சேர். பல்ப எரிய வைக்கல்லதானே."

யுத்தம் முடிந்தபின் மட்டக்களப்பு பஸ் ஸ்டாண்டில் கண்டேன். பக்கத்தில் நின்ற மகளிடம் சொன்னார்: "நம்மட பிள்ளைகளுக்காகச் சென்றியில மாட்டுப்பட்ட சேர் இவர்தான்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். பஸ் வந்துவிட்டது என்று ஏறிவிட்டேன்... அது என் பஸ்கூட இல்லை.

மகளே, இதைப் படித்தால்... அம்மா சொன்ன அந்த சேர் நான் இல்லை. நாளை அடக்கத்துக்கு வருவேன். கேற்றுக்கு வெளியே நிற்க விட்டால் போதும்.

போய் வாருங்கள் டீச்சர்.