லயத்து நாய்க்குப் பூச்சி மருந்து

ஹட்டனில் ஒரு மிருக வைத்தியருக்கு உதவியாளாக இருக்கிறேன். நாய் கடித்ததைவிட நாய் வளர்ப்பவர்கள் கடித்ததுதான் எனக்கு அதிகம். குட்டி வளர்த்துப் பாடுபட்டவர்களே, உங்களுக்குத் தெரியாததா?

தொந்தி

கொட்டகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து லெட்சுமி அக்கா ஒரு குட்டியைத் துவாயில் சுற்றிக்கொண்டு வந்தார். கூடப் பிறந்தவை எல்லாம் செத்து, மிஞ்சியது இது ஒன்றுதான். விலா எலும்பு தெரிந்தது. வயிறு மட்டும் பானை. உள்ளே முழுக்கப் பூச்சி என்றார் டொக்டர். அக்கா நம்பவில்லை.

"மூணு வேளையும் பாலும் ரொட்டியும் போடுறேங்க. நெறஞ்ச வயித்தப் பாத்துப் பூச்சிங்கிறீங்களே."

மறுபடியும் தொந்தி

மருந்து கொடுத்ததும் பூச்சி கொத்துக்கொத்தாக விழுந்தது. கொஞ்ச நாளில் அதே தொந்தியோடு குட்டியைத் தூக்கிக்கொண்டு அக்கா கண்கலங்கி வந்து நின்றார். தாய்ப்பாலிலும் பூச்சி வரும், முற்றத்து மண்ணிலிருந்தும் வரும், எல்லா நாய்க்கும் சேர்த்துக் கொடுத்தால்தான் போகும் என்று முதல்நாளே தொண்டை வற்றச் சொல்லியிருந்தேன். தாய்க்குக் கொடுத்தீர்களா என்று கேட்டேன்.

"கறுப்பி எங்க வீட்டு நாய் இல்லீங்களே. அது லயத்து நாய்."

கறுப்பிக்கு வந்த வாழ்வு

இந்தக் குட்டியையும் சாக விடுவதில்லை என்று ஞாயிற்றுக்கிழமை டொக்டரோடு அந்த லயத்தில் போய் இறங்கினேன். ஒரே வரிசையில் ஒட்டிக் கிடக்கும் தொழிலாளர் வீடுகள். எல்லா வாசலிலும் சோறு தின்னும் நாய்கள். கறுப்பியைப் பிடித்துத் தர ஆள் வேண்டும். யாருடையது என்று கேட்டால் எல்லாரும் அடுத்த வீட்டைக் காட்டினார்கள். எனக்கு வந்ததே கோபம். அப்படியானால் டவுனில் யாருக்காவது கொடுத்துவிடுகிறேன் என்று சத்தமாகச் சொல்லிவிட்டுக் கறுப்பியைத் தூக்கி ஆட்டோவில் வைத்தேன். அத்தனை வீட்டிலிருந்தும் ஆட்கள் வெளியே வந்தார்கள். கடைசி வீட்டுக்காரர் வெற்றிலையைத் துப்பிவிட்டு ஓடிவந்தார்.

"எங்க புள்ளைய எங்கங்க கொண்டு போறீங்க?"

இளைத்த குட்டி

சொந்தக்காரர்கள் கிடைத்த கையோடு ஒவ்வொரு நாய்க்கும் நிறை பார்த்து அன்றே மருந்து கொடுத்தோம். நாய்கள் கழித்ததை அன்றாடம் அள்ளிப் புதைக்கும் வேலையை லெட்சுமி அக்கா ஏற்றுக்கொண்டார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குட்டிக்கும் தாய்க்கும் மருந்தோடு விடாமல் போனேன். போன மாதம் அந்தக் குட்டி குரைத்துக்கொண்டே என்னைத் துரத்தி வந்தது. தொந்தி இல்லை, எலும்பும் தெரியவில்லை. சந்தோஷத்தில் அதை வாரித் தூக்கிக்கொண்டேன். பக்கத்து வீட்டம்மாவுக்கோ வருத்தம் வந்தது.

"கொழுகொழுன்னு இருந்த குட்டி, மருந்தக் குடுத்து இப்புடி எளைக்க வச்சுட்டாங்களே."

கறுப்பிக்கு இப்போது லயம் முழுக்கச் சொந்தக்காரர்கள். அது கழித்ததை அள்ளிப் புதைக்க மட்டும் இன்றைக்கும் லெட்சுமி அக்கா ஒருவர்தான்.