கட்டில் போகாத வாசல்

அறுபத்தி மூணு வயசில்தான் எனக்கு வீடு வந்தது. அதற்கு முன்னால் இருந்ததெல்லாம் வீடு இல்லையா என்று கேட்டால், இல்லை. ஏலக்காட்டு லயத்தில் நாற்பத்தோரு வருஷம் இருந்தேன். ஒரு அறை, ஒரு அடுப்படி, மேலே தகரம். சுவர், கதவு, தகரம் எல்லாம் எஸ்டேட்டுடையது. வேலை முடிந்து பேர் வெட்டினதும் சாவியைக் கொடுத்துவிட்டு இறங்கணும். நாங்கள் இறங்கின அன்றைக்குச் சூப்ரவைசர் வந்து பல்பு இருக்கா, தாழ்ப்பாள் இருக்கா என்று பார்த்து எழுதிக்கொண்டார். நான் அடித்த ஆணிகளை நானே பிடுங்கி ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டேன். அவர் சிரித்தார். சிரிக்கட்டும், அது என் காசில் வாங்கின ஆணி.

சாந்தன்பாறைக்குக் கீழே, ரோட்டிலிருந்து இருபது படி இறங்கினால் எங்கள் மூணு சென்ட். பஞ்சாயத்தில் வீட்டுக்கு அபேட்சை எழுதிக் கொடுத்து, மெம்பர் பின்னால் நாலு வருஷம் நடந்து, தவணை தவணையாக வந்த காசில் எழும்பின வீடு. முன்னறை ஒன்று, படுக்கிற அறை ஒன்று, அடுப்படி, கக்கூஸ். மேலே கான்கிரீட். மழை பெய்தால் சத்தமே கேட்கவில்லை. முதல் ராத்திரி அதனாலேயே தூக்கம் வரவில்லை.

எனக்கு முன்னறைதான் வேண்டியிருந்தது. லயத்தில் யார் வந்தாலும் கட்டிலில்தான் உட்காரணும், வேறு இடம் கிடையாது. என் மகளைப் பெண் கேட்டுப் போடியிலிருந்து வந்தபோது, சம்மந்தியம்மா உள்ளே எட்டிப் பார்த்தாள். போர்வையை உதறி மடித்து, அதன் மேல் நல்ல சேலை ஒன்று விரித்து வைத்திருந்தேன். அவள் உட்காரவில்லை.

"இருக்கட்டும் மதினி. நீங்க படுக்குற எடத்துல நான் என்னத்துக்கு" என்றாள்.

வாசலிலேயே நின்று காப்பியைக் குடித்தாள். மரியாதையாகத்தான் சொன்னாள். அந்த மரியாதைதான் என்னைச் சுட்டது. பதினாலு வருஷம் ஆகியும் சூடு ஆறவில்லை. அன்றைக்கே நினைத்துக்கொண்டேன், எனக்கென்று ஒரு வீடு வந்தால் வந்தவர்கள் நாற்காலியில் உட்காரணும், அவர்கள் கண்ணில் படுக்கை படக்கூடாது என்று.

வீடு வந்துவிட்டது. அதற்குள் வைக்க என்னவெல்லாம் வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. பால் காய்ச்சினபோது லயத்துக்காரர்கள் எல்லாரும் வந்தார்கள். என்ன வேணும்க்கா என்று முன்னாலேயே கேட்டார்கள். ஒண்ணும் வேண்டாம், எல்லாம் இருக்கு என்று சொல்லிவிட்டேன். கேட்டு வாங்குகிற பழக்கம் எனக்குக் கிடையாது. அவர்கள் சுவர்க் கடிகாரம் கொண்டுவந்தார்கள். நாலு கடிகாரம். அதை மாட்டலாம் என்று பார்த்தால், பிடுங்கிக் கொண்டுவந்த ஆணி ஒன்றும் சிமெண்டுச் சுவரில் ஏறவில்லை. அடிக்க அடிக்க வளைகிறது. லயத்துச் சுவரில் கட்டைவிரலால் அழுத்தினாலே போகும். இங்கே மிஷின் வைத்துத் துளைக்கணுமாம். கடிகாரம் நாலும் தரையில் வரிசையாகச் சாய்ந்து நின்று டிக் டிக் என்றது.

துணி போடக் கொடி கட்ட வழி இல்லை. ஜன்னலுக்குத் திரை வேண்டும், திரைக்குக் கம்பி வேண்டும், கம்பிக்குக் கொக்கி வேண்டும். ஒன்றை வாங்கினால் அது இன்னொன்றைக் கேட்கிறது. பூப்பாறைக்குப் போய் வந்தே என் காசில் பாதி ஜீப்புக்காரனுக்குப் போனது.

நாற்காலி ஜீப்பில் விற்றுக்கொண்டு வருவார்கள், மைக் கட்டிக்கொண்டு. பிளாஸ்டிக்தான், ஆனால் கை வைத்தது, முதுகு உயரமானது. நாலும் ஒரே நிறத்தில் வேண்டும் என்றேன். பழுப்பில் மூணுதான் இருந்தது. அடுத்த வாரம் கொண்டுவருகிறேன் என்று போனவன் மூணு வாரம் கழித்து நீலத்தில் ஒன்றோடு வந்தான். பழுப்பு முடிஞ்சு போச்சு பாட்டி, உட்கார்றவங்க நிறமா பாக்கப் போறாங்க என்றான். வாங்கிக்கொண்டேன். வேறு என்ன செய்ய? அந்த நீலத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான்.

இனிக் கட்டில் கதை. எங்கள் வீட்டுக்காரருக்கு முட்டியில் ஆபரேஷன். ஏலக்காட்டில் மருந்தடித்தே தேய்ந்த முட்டி. தேனியில் செய்து, போடியில் மகள் வீட்டில் மாடியறையில் படுத்திருந்தார். இனித் தரையில் உட்காரவே கூடாது, உயரமான கட்டில் வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கட்டில் தயாரானதும் சொல்லும்மா, மாமாவும் அத்தையும் வீடு பாக்கணும்ங்கிறாங்க, எல்லாருமா அப்பாவைக் கூட்டிட்டு வர்றோம் என்று மகள் போனில் சொன்னாள். அத்தை என்றால் அதே சம்மந்தியம்மா.

ஆசாரியிடம் போனேன். அவர் மலையாளத்துக்காரர், நல்ல வேலைக்காரர்.

"நான் வீட்ட வந்து ஒண்ணு பாத்துட்டுச் செய்யட்டே சேச்சி?" என்றார்.

"பாக்க என்ன இருக்கு? அளவு கொண்டாந்திருக்கேன்" என்றேன்.

செடி கட்டுகிற கயிற்றால் படுக்கிற அறையை நீளவாட்டிலும் அகலவாட்டிலும் அளந்து, முடிச்சுப் போட்டுக் கையோடு கொண்டுபோயிருந்தேன். போல்ட் போட்டுக் கழற்றி மாட்டுகிற மாதிரி செய்யலாம் என்று அவர் சொன்னதையும் நான் கேட்கவில்லை. கழற்றுகிற கட்டில் ஆடும். எங்கள் காசில் செய்கிற முதல் கட்டில், ஆடாமல் நிற்கட்டும், தலைமாடும் கால்மாடும் உயரமாக வைத்து, முளை அடித்துப் பசை போட்டு இறுக்கிவிடுங்கள் என்றேன்.

நான் செய்த தப்பு என்னவென்று லயத்தில் இருந்தவர்களுக்குத்தான் புரியும். லயத்துக் கட்டில் லயத்துக்குள்ளேயே பிறக்கும். ஆசாரி பலகையைத் தோளில் கொண்டுவந்து, அறைக்குள் உட்கார்ந்து அறுத்து, சுவருக்குச் சரியாக அடித்துக் கொடுத்துவிட்டுப் போவார். அதற்குப் பிறகு அது வெளியே வரவே வராது. குடியிருக்கிறவர்கள் போவார்கள், கட்டில் நிற்கும். நான் கல்யாணமாகி வந்தபோதும் அது அங்கேதான் நின்றது. அதனால் கட்டிலுக்கு அளவெடுப்பது என்றால் எங்களுக்கு அறையை அளப்பதுதான். வாசலை யார் அளந்தார்கள்?

ஒரு வியாழக்கிழமை கட்டில் ஜீப்பின் மேல் ஏறி வந்தது. பார்க்க ராஜா மாதிரி இருந்தது. நாலு பேர் தூக்கிக்கொண்டு இருபது படியும் இறங்கினார்கள். முன்வாசல் பெரியது, நேராக உள்ளே வந்துவிட்டது. படுக்கிற அறைக்கு ஒடுக்கமான நடையில் திரும்பித்தான் நுழையணும். அங்கே கட்டில் திரும்பவில்லை. நிமிர்த்திப் பார்த்தார்கள், சாய்த்துப் பார்த்தார்கள், கவிழ்த்துப் பார்த்தார்கள். கால் போனால் தலைமாடு இடிக்கிறது, தலைமாடு போனால் கால் மாட்டிக்கொள்கிறது. புதுச் சுவரில் ஒரு முழ நீளத்துக்குப் பூச்சு பெயர்ந்தது. எனக்கு என் தோலே உரிந்த மாதிரி இருந்தது.

ஜீப்பு டிரைவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "யக்கா, மொதல்ல கட்டிலப் போட்டுட்டு அப்புறமா வீட்டக் கட்டியிருக்கணும்" என்றான்.

மற்ற மூணு பேரும் சிரித்தார்கள். நிலையைப் பெயர்த்துவிட்டால் போகும் என்றான் ஒருவன். பஞ்சாயத்திலிருந்து வந்து பார்த்து வீட்டு நம்பர் போடுகிற வரைக்கும் ஒரு செங்கல்லைக்கூட அசைக்கக்கூடாது. அசைக்கலாம் என்றாலும் நான் விட்டிருக்க மாட்டேன். கட்டிலை முன்னறையிலேயே வைத்துவிட்டு, டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

ஆசாரிக்குப் போன் போட்டேன். நான் சொன்னதல்லவா சேச்சி என்று ஒரு தடவைதான் சொன்னார், அதற்கு மேல் சொல்லவில்லை. ரெண்டு இடத்தில் அறுத்துப் போல்ட் போட்டுத் தருகிறேன், ஆனால் நெடுங்கண்டத்தில் வேலை நடக்கிறது, ரெண்டு வாரம் கழித்துத்தான் வர முடியும் என்றார். மகளோ ஞாயிற்றுக்கிழமை ஜீப்பு பேசியாச்சு என்கிறாள். வராதே என்று எப்படிச் சொல்வது? எங்கள் வீட்டுக்காரர் ஆறு வாரமாக அங்கே கிடக்கிறார்.

அந்த மூணு நாளும் நான் கட்டிலோடு மல்லுக்கு நின்றேன். சுவரோடு ஒட்டித் தள்ளினால் நாற்காலியில் உட்காருகிறவர் முட்டி கட்டிலில் இடிக்கிறது. நாற்காலிகளைப் படுக்கிற அறையில் போட்டுப் பார்த்தேன். வருகிறவர்கள் படுக்கையைத் தாண்டித்தான் அங்கே போகணும். ஜன்னல் கம்பியிலிருந்து கதவுக் கொண்டி வரைக்கும் கயிறு கட்டிச் சேலையைத் திரையாகத் தொங்கவிட்டேன். ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருந்தது. அவிழ்த்து எறிந்தேன். எறிந்துவிட்டு, இத்தனை வருஷத்துக்கும் சேர்த்து அந்தக் கட்டிலை வைதேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். அவரை ரெண்டு பேர் தாங்கிப் படி இறக்கினார்கள். நேரே கட்டிலில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டார். பாதம் தரையில் பட்டது. உயரம் சரியாத்தான் இருக்கு என்றார். அது ஒன்றுதான் அன்றைக்கு எனக்குக் கிடைத்த நல்ல வார்த்தை.

சம்மந்தியம்மாவுக்குப் பழுப்பு நாற்காலியைக் காட்டினேன். உட்கார்ந்தாள். முட்டியைக் கொஞ்சம் ஒருக்களித்துக்கொண்டுதான் உட்கார முடிந்தது. வீடு அம்சமாக இருக்கிறது என்றாள், தரை நல்ல வழவழப்பு என்றாள். பிறகு கண் கட்டிலுக்கு வந்தது.

"கட்டில முன்னாலேயே போட்டுட்டீகளா மதினி?"

வாசலை அளக்கவில்லை என்று சொல்ல என் நாக்கு எழும்பவில்லை.

"அவுகளுக்குக் காத்து வேணும்னு டாக்டர் சொல்லியிருக்காருல்ல. உள்ள அடைச்சாப்புல இருக்கும்" என்றேன்.

டாக்டர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. அவரை டாக்டரிடம் கூட்டிப்போனதே அந்த அம்மாவின் மகன்தான். நான் சொன்னது பொய் என்று அவளுக்குத் தெரியும். அது எனக்கும் தெரியும் என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்கும். ஆமா, காத்து நல்லதுதான் என்று சொல்லிவிட்டு டம்ளரைப் பார்த்துக்கொண்டு காப்பியைக் குடித்தாள். திரும்பவும் அதே மரியாதை. நாற்காலியில் உட்கார வைத்தும் எனக்குப் பழைய இடத்தில் நிற்கிற மாதிரிதான் இருந்தது.

சரி, ரெண்டு வாரம்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் எங்கள் முன்னறை சந்தையாகிவிட்டது. அவர் படுத்திருக்கிற இடத்திலிருந்து ஜன்னல் வழியாக ரோடு தெரியும். காலையில் போடியிலிருந்து வேலைக்கு ஆள் ஏற்றி வருகிற ஜீப்புகள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், லாட்டரிக்காரர், எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவார். கூடச் சேர்ந்து மருந்தடித்தவர்கள் இறங்கி வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, அவர் கால்மாட்டில் உட்கார்ந்துகொள்வார்கள். நாற்காலி இருக்கே என்பேன். இருக்கட்டும் மதினி, இதுதான் தோது என்பார்கள். நடக்க இடம் இல்லையென்று நாற்காலிகளைக் கடைசியில் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி மூலையில் வைத்தேன்.

சொன்ன மாதிரியே ஆசாரி வந்தார், ரம்பத்தைச் சாக்கில் சுற்றிக்கொண்டு. கொஞ்சம் எந்திரிச்சு வெளிய உட்காருங்க, அரை நாள்ல முடிஞ்சிடும் என்று இவரிடம் சொன்னேன். இவர் அசையவில்லை.

"எதுக்கு அறுக்கணும்?"

"உள்ள கொண்டுபோய்ப் போடத்தான். படுக்கைய வாசல்ல போட்டுட்டா குடும்பம் நடத்துறது?"

"உள்ள ஜன்னலத் தொறந்தா மண்ணுதான தெரியுது. போடியில ஆறு வாரம் செவுத்தப் பாத்துட்டுக் கெடந்தேன். எனக்குப் போதும்" என்றார். கூடவே, "டாக்டர் காத்து வேணும்னு சொன்னாருன்னு நீதான சம்மந்திகிட்டச் சொன்ன" என்றார்.

படுக்கிற அறை ஜன்னல், மலையை வெட்டின மண் திட்டைப் பார்த்தது. உண்மைதான். வீடு கட்டும்போது அதையும் நான் பார்க்கவில்லை. அவரைத் தூக்கிக் கீழே இறக்கவா முடியும்? அந்த முன்னறைக்காக எத்தனை வருஷம் காத்திருந்தேன் என்று அவருக்குத் தெரியாது. நானும் ஒரு நாளும் வாயைத் திறந்து சொன்னதில்லை. அன்றைக்கும் ஆசாரி முன்னால் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆசாரி என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். ரம்பத்தைத் திரும்பச் சாக்கில் சுற்றினார். இவ்வளவு தூரம் வந்ததற்குக் கூலியாவது வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். வேண்டா சேச்சி, ஒரு டீ தந்தால் மதி என்றார். மூலையில் அடுக்கியிருந்த நாற்காலிகளில் மேலே இருந்த நீலத்தை உருவி எடுத்துத் துடைத்துக்கொண்டு திரும்பினேன். அதற்குள் ஆசாரியும் கட்டிலில் ஏறி உட்கார்ந்திருந்தார்.