ஏரி உடைந்தால் எத்தனை பஸ்?

சாலையோரம் குந்தி வண்டி எண்ணுகிறவனுக்குப் பேச்சுத் துணை ஆகாது. வாயைத் திறந்தால் கணக்குத் தவறும். வெயிலில் அப்படிக் காய்ந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். எழுபதுகளின் கடைசி. பாகூர்ப் பக்கம் எங்கள் ஊர் ஏரி உடைந்தால் சனங்களை எத்தனை பஸ்ஸில், எந்த வழியில் ஏற்றிப்போவது என்று சர்க்கார் திட்டம் போட்டது. அதற்குத்தான் இந்த எண்ணிக்கை. ஏரிக்குக் கீழே கடைசி வூடு என்னுடையது. பெண்சாதி போனபிறகு நான் ஒண்டி ஆள்.

ஐந்தாவது கோடு

ஒரு வண்டிக்கு ஒரு கோடு: நாலு கோடு நட்டுக்குத்தலாய், ஐந்தாவது குறுக்கே. எதிரில் மோர் விற்ற மரியம்மாக்கா தினமும் ஏதாவது கேட்பாள். நான் விரலை உதட்டில் வைப்பேன். ஒருநாள் ஒரு குவளை மோரைப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சொன்னாள்: "போற லாரிய எல்லாம் கண்ணுல வாங்குற, எதுர்ல இருக்கறவளுக்கு ஒரு 'ம்' போட்டா இன்னாய்யா தேஞ்சா பூடும்?"

தீப்பெட்டி பஸ்

திட்டம் போட்ட என்ஜினீயர் பள்ளிக்கூடத் தரையில் சாக்பீஸால் சாலை வரைந்து, தீப்பெட்டிகளைப் பஸ்ஸாக நகர்த்திப் பார்த்தார். ஏரிக்கரையிலிருந்து, சனங்களை இறக்கவேண்டிய வில்லியனூருக்கு ஒரே தள்ளு. நான் எண்ணிய தாளெல்லாம் மடித்தபடி மேசைமேல் கிடந்தது. டவுன்பஸ் டிரைவர் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "சார், தீப்பெட்டிக்குக் குறுக்கால கரும்பு வண்டியே வராதா?"

இன்னா வேஷம்?

'ஒத்திகை' என்று தண்டோரா போட்டார்கள். எங்கள் பக்கம் ஒத்திகை என்றால் கூத்துக்குத்தான். ராஜா வேஷம் கட்டுகிற ஆறுமுகம் கிரீடத்தோடு வந்து நின்றார். இது வெள்ளத்துக்குப் பழகிப் பார்ப்பது, பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் போதும் என்று விளக்கினேன். கிரீடத்தைச் சரிசெய்துகொண்டு கேட்டார்: "சரிப்பா, நான் வெள்ளத்துல போறவனா, பொழச்சிக்கிறவனா? அத மட்டும் சொல்லிடு."

பாக்கி

பஸ்ஸில் ஏறுகிறவர்களை எண்ணுவது என் பொறுப்பு. கடைசித் தெரு வரைக்கும் எல்லாரும் ஏறினார்கள், கிரீடம் உள்பட. "யாரும் பாக்கி இல்லையே?" என்றார் என்ஜினீயர். தாளைப் பார்த்து, "இல்ல சார்" என்றேன்.

விசில் ஊதினார்கள். பஸ் நகர்ந்தது. கரைமேல் நானும் பென்சிலும். ஜன்னலில் தலையை நீட்டி மரியம்மாக்கா கத்தினாள்: "நிறுத்துப்பா வண்டிய! யோவ், ஊரையே எண்ணினியே, ஒன்ன எண்ணினியா?"

பஸ் நின்றதும் தாளில் இன்னொரு கோடு இழுத்துவிட்டு ஏறினேன். அத்தனை ஆயிரம் கோடு இழுத்த வேலையில் எனக்காக நான் போட்டது அந்த ஒரு கோடுதான், அதையும் மோர்க்காரி சொல்லித்தான் போட்டேன்.