குஞ்சு வாங்கப் போன ஞாயிறு

பிரிக்பீல்ட்ஸில் எட்டாவது மாடியில் இருபது வருஷம் இருந்துவிட்டு, கிள்ளானில் ஒரு மூலை வீட்டுக்குக் குடிவந்தோம். பக்கவாட்டில் கொஞ்சம் மண் தரை. அங்கே கோழி வளர்க்கப்போகிறேன் என்று வீட்டைப் பார்த்த அன்றே சொல்லிவிட்டேன்.

என் வீட்டுக்காரர் மறுக்கவில்லை. குஞ்சா, பெரிய கோழியா என்பதில்தான் தகராறு. மகள் வேலை கிடைத்து சுபாங் ஜெயாவில் அறை எடுத்துத் தங்கிவிட்டாள். எதையாவது சின்னதிலிருந்து வளர்க்க வேண்டும்போல் இருந்தது எனக்கு.

"குஞ்சுன்னா பல்பு போட்டுச் சூடு காட்டணும். பூனை தூக்கிட்டுப் போவும். மிஞ்சுனதுல பாதி சேவலா நிக்கும். விடியறதுக்கு முன்னாடி கூவுனா பக்கத்து வீட்டு ஆன்டி சும்மா விடுவாங்களா?"

"பெரிய கோழி நம்மகிட்ட ஒட்டாதுங்க. யாரோ வளர்த்தது."

கடைசியில் நான்தான் ஜெயித்தேன். ஞாயிற்றுக்கிழமை செமினி பக்கம் ஒரு பண்ணைக்குப் போனோம். பண்ணைக்காரம்மா தமிழ்க்காரர். ஆறு குஞ்சுகளைத் தேர்ந்தெடுத்தேன். அவர் பெட்டி எடுக்கப் பின்கொட்டகைக்குப் போக, நானும் கூடவே போனேன். அங்கே வரிசையாகக் கம்பிக்கூண்டுகள். உள்ளே பழுப்புக் கோழிகள். கழுத்தில் இறகே இல்லை.

"இதுக்கெல்லாம் சீக்கா?"

"இல்லக்கா. கம்பியில உரசி உரசிப் போயிருச்சு. முட்டையும் கொறைஞ்சிருச்சு. நாளைக்கு லோரி வரும், கறிக்கு."

ஒரு கோழி கம்பிக்கு வெளியே தலையை நீட்டி என் வளையலைக் கொத்தியது. மறுபடியும் கொத்தியது. என்னால் அங்கிருந்து நகர முடியவில்லை.

வெளியே வந்து வீட்டுக்காரரிடம், "குஞ்சு வேணாங்க. பின்னால இருக்கிற கோழியில மூணு எடுத்துக்குவோம்" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இதுக்கா இத்தனை நாள் சண்டை போட்ட?" என்றவர், காரின் பின்கதவைத் திறந்துவிட்டார்.

வீட்டில் பெட்டியைத் திறந்து வைத்தோம். ஒன்றும் வெளியே வரவில்லை. கம்பியைத் தவிர வேறெதிலும் கால் வைத்ததில்லையே. இரண்டு நாள் பெட்டி மூலையிலேயே ஒடுங்கிக் கிடந்தன. கொண்டுவந்து கொடுமைப்படுத்துகிறோமோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர்தான் பெட்டி வாசலில் சோற்றுப் பருக்கைகளைத் தூவி வைத்தார். மூன்றாம் நாள் என் வளையலைக் கொத்திய கோழி வெளியே வந்தது, சுடு தரையில் நடப்பதுபோல் ஒவ்வொரு காலையும் தூக்கித் தூக்கி வைத்து.

அடுத்த வாரம் ஒரு காலை, அதே கோழி மண்ணில் ஒருக்களித்துக் கிடந்தது. கால் உதைக்கிறது, இறக்கை அடித்துக்கொள்கிறது, கண் பாதி மூடியிருக்கிறது.

"என்னங்க, ஓடி வாங்க! கோழி சாவுது!"

அவர் பாதிச் சவரத்தில் ஓடி வந்தார். வீடியோ எடுத்துப் பண்ணைக்காரம்மாவுக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது. எதிர்முனையில் ஒரே சிரிப்பு.

"ஐயோ அக்கா, அது மண்ணுல குளிக்குதுலா! செள்ளுப் பூச்சி போறதுக்கு அப்படித்தான் பண்ணும்."

"கூண்டுலயே கெடந்த கோழிக்கு யாரு சொல்லிக்குடுத்தா?"

"யாரும் சொல்ல வேணாம்க்கா. மண்ணு இருந்தாப் போதும்."

இரண்டு பேரும் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டோம். எழுந்த கோழி உடம்பை உதறியது. எங்கள் மேலெல்லாம் புழுதி. மற்ற இரண்டும் மெதுவாக வந்து அந்தக் குழியைக் கிளறிப் பார்த்தன.

மழை பெய்தால் மண் சகதியாகிவிடும் என்று அவர் அன்றைக்கே தகரம் ஒன்றைக் கட்டிக் கூரை போட்டார். சில நாள் முட்டை கிடைக்கிறது, சில நாள் இல்லை. இப்போது கோழிகளின் கழுத்தில் முள் முள்ளாகப் புது இறகு வருகிறது. வேலை முடிந்து வந்ததும் அவர் முதலில் போய்ப் பார்ப்பது அதைத்தான்.