தறிச் சத்தம் நின்ற தெரு

ஏலவார்குழலிக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. காஞ்சிபுரத்து நெசவாளர் வீட்டுப் பெண். 1972இல், கல்லூரி மாணவர்கள் நடத்திய மாதச் செய்தித்தாளுக்கு எழுத வந்த முதல் பெண்ணும் அவள்தான். ஆசிரியர் பொறுப்பிலிருந்த தனசேகரன் அவளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தான்: கண்ணால் கண்டதை எழுது, ஊகத்தை எழுதாதே, மரணச் செய்தியென்றால் வீட்டாரைக் கேட்காமல் ஒரு வரியும் எழுதாதே.

அன்று மத்தியானம் கலியாணசுந்தரத்தின் தெருவுக்குள் நுழைந்தவள் திடுக்கிட்டு நின்றாள். நெசவாளர் கூலிக்காகப் போராடிச் சிறை சென்ற அந்த மனிதர் நெடுநாளாகப் படுத்த படுக்கை. தெருவில் ஒரு தறிகூட ஓடவில்லை. அமாவாசை விடுமுறையும் இல்லை. சாவு விழுந்தால்தான் தறிகள் இப்படி ஊமையாகும். வாசலில் போய் நின்று, அவர் மனைவி ஜெயம்மாளிடம் "போய்விட்டாரா?" என்று எந்த வாயால் கேட்பாள்? அழுதுகொண்டே திரும்பினாள், அவர் இறந்துவிட்டதாகச் செய்தி எழுதிக் கொடுத்தாள்.

"வூட்ல யார கேட்ட?" என்றான் தனசேகரன்.

"ஜெயம்மா அக்காவ."

சொன்ன பொய் நெஞ்சைப் பிறாண்டியது. நின்றாள், நடந்தாள், தண்ணீர் குடித்தாள், குடிக்காமல் வைத்தாள். கடைசியில் அந்தத் தெருவுக்கே மறுபடி ஓடினாள்.

கதவைத் திறந்த ஜெயம்மாளின் நெற்றியில் குங்குமம் பளிச்சென்றிருந்தது!

"மெதுவா வாடி! ராவெல்லாம் இருமிட்டு இப்பதான் தூங்கிக்கினு இருக்காரு. மனுசன் கொஞ்சம் கண்ணசரட்டும்னு தெருவே தறிய நிறுத்திட்டு குந்திக்கினு இருக்குது. ஏன்டி, நீ இன்னாத்துக்கு அழுவற?"

குழலி செருப்பைக்கூட மறந்து ஓடினாள்.

அச்சகத்தில் இயந்திரம் கடகடவென்று தாள்களைத் துப்பிக்கொண்டிருந்தது.

"நிறுத்துங்கண்ணே!"

"இன்னாமா, தீ கீ புடிச்சிக்கிச்சா?" என்று சிரித்தார் அச்சுக் கோக்கும் அந்தோணி.

"அவரு உயிரோட இருக்காரு!"

அங்கே நின்றிருந்த தனசேகரன் திரும்பினான். "ஜெயம்மாவ கேட்டேன்னியே?"

"கேக்கல. பொய் சொன்னேன்."

"இனிமே நம்ம பேப்பர்ல உன் பேரு வராது, குழலி."

எத்தனை ஆசையாய்ப் பெற்ற இடம் அது! ஆனாலும் அவள் நிமிர்ந்தாள்.

"வராட்டி போவட்டும். மொதல்ல அவரு பேர எடுங்க."

அந்தோணி இயந்திரத்தை நிறுத்தினார். மை உலராத தாள்களை அள்ளி அவள் கிழித்தாள், கிழித்தாள், கை கறுக்கும் வரை கிழித்துக்கொண்டே இருந்தாள்.